விகாரில் நடக்காத கல்யாணம்

செஞ்சியில் எங்கள் புத்த விகார் பெரிய கட்டடம் இல்லை. ஒரு கூடம், பிள்ளைகள் சாயங்காலம் படிக்கிற அறை, பின்னால் சமையல் கொட்டகை. பிக்கு எப்போதாவதுதான் வருவார். மற்ற நாளெல்லாம் நிர்வாகக் குழுதான் பார்த்துக்கொள்கிறது. அதில் நான் செயலாளர். பள்ளிக்கூட வேலை முடிந்ததும் நேராக அங்கே போவது எனக்குப் பழகிவிட்டது.

தலைவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஜாதகம் பார்த்து, முகூர்த்தம் குறித்து நடக்கும் கல்யாணத்துக்குக் கூடத்தைத் தருவதில்லை என்ற விதியைச் சேர்க்கச் சொன்னவர் அவர்தான். "பஞ்சசீலம் சொல்லி மாலை மாத்திக்கினா போதும். ஜோசியருக்கு இங்க இன்னா வேலை?" என்பார். அந்த விதியைச் சொல்லிச் சில குடும்பங்களைத் திருப்பியும் அனுப்பியிருக்கிறோம்.

போன வருஷம் அவர் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. பையன் வல்லம் பக்கம், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடும் குடும்பம். கல்லூரியில் பழகி இருவரும் விரும்பியது. பையன் வீட்டார் சாமி கும்பிடுகிறவர்கள். விகாரில் நடத்த ஒத்துக்கொண்டார்கள். ஆனால் ஜாதகம் பார்த்துத் தாங்கள் குறிக்கும் முகூர்த்தத்தில்தான் தாலி கட்ட வேண்டும் என்றார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழு கூடியபோது தலைவரின் மனைவியே வந்து கேட்டார். கூடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது மண் சுமந்தவர் அவர்.

"நேரம் பாக்கறது அவங்க. நாம கேக்கறது கூடம் மட்டும்தான? எம்பொண்ணு கல்யாணம் இங்க நடக்கணும்னு எத்தினி நாளா நெனச்சிக்கினு இருக்கேன்."

தலைவர் எழுந்தார். "இது எங்க ஊட்டு விஷயம். நான் உக்காந்திருந்தா யாரும் வாயத் தொறக்க மாட்டீங்க. பேசி முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். மனைவியும் பின்னால் போனார்.

பிறகு குழுவிலிருந்த தையற்காரர் தொடங்கினார். "அவரு அலைஞ்சதாலதான் இந்த எடமே நமக்குக் கெடச்சுது. ஒரு தடவ விட்டுக் குடுத்தா இன்னா கொறஞ்சிடும்?"

எங்களில் வயதில் சின்னவளான ஒரு பெண், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள், தலை குனிந்தபடி சொன்னாள்: "எங்கக்கா கல்யாணத்துக்கும் இதே கூடத்தத்தான் கேட்டோம். முடியாதுன்னு சொல்லிட்டீங்க. எங்கம்மா அழுதுகினே ஊட்டுக்குப் போச்சு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. விதியையே எடுத்துவிடலாமே என்றார் ஒருவர். எடுப்பதென்றால் பொதுக்குழுவில் வைத்து எல்லோருக்குமாக எடுக்க வேண்டும், ஒரு கல்யாணத்துக்காக எடுக்கக் கூடாது என்றேன் நான். கூடத்தைத் தரலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது தையற்காரரும் இன்னொருவரும் மட்டும் தூக்கினார்கள்.

முடிவைச் சொல்ல நான்தான் போனேன். தலைவர் வாசல் கேட்டருகே ராஜகிரிக் கோட்டை மலைப் பக்கம் பார்த்து நின்றிருந்தார். மனைவி படியில் உட்கார்ந்திருந்தார்.

"முடியாதுன்னு ஆயிடுச்சிண்ணா."

"நீ இன்னா சொன்ன?"

"நானும் வேணாம்னுதான் சொன்னேன்."

"சரி" என்றார். மனைவி என்னை ஏறிட்டும் பார்க்காமல் எழுந்து போய் வண்டியருகே நின்றுகொண்டார்.

கல்யாணம் வல்லத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. குழுவினர் எல்லோரும் போனோம். தலைவர் வாசலில் நின்று ஒவ்வொருவர் கையையும் பிடித்து வரவேற்றார். அவர் மனைவி மற்றவர்களிடம் சாப்பிட்டுப் போகச் சொன்னார். என்னிடம் தலையை மட்டும் அசைத்தார். அடுத்து வந்த பௌர்ணமி வழிபாடுகளுக்கு அவர் மனைவி விகாருக்கு வரவில்லை. தலைவர் மட்டும் தனியாக வந்து, வழக்கம்போலக் கூட்டத்தை நடத்திவிட்டுப் போவார்.

பொதுக்குழுவில் அந்த விதியைத் தலைவரே விவாதத்துக்கு வைத்தார். மாற்றுவதானால் மாற்றலாம், தனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்றார். வெகுநேரம் பேசினோம். விதி அப்படியே இருக்கட்டும் என்று முடிவானது.

புத்தர் பிறந்த வைகாசி பௌர்ணமியன்று காலையில் நான் கொட்டகையில் கஞ்சிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். தலைவரின் மனைவி வந்து எதிரில் உட்கார்ந்து, ஒரு அரிவாள்மணையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எனக்கு இன்னும் மனசு ஆறல" என்றார். "அதுக்குன்னு வராம இருக்க முடியுமா?"

பாதி வெங்காயத்தை அவர் பக்கம் தள்ளினேன்.