பின் சீட்டுக்காக ஓர் ஆபரேஷன்

ஆபரேஷனுக்கு முதல் நாளே எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பயமாக இல்லையா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். இருந்தது. ஆனால் பயத்தைவிட ஆசை பெரிசு. என்ன ஆசை? ஒல்லியாகிப் பட்டுச்சேலை கட்டவா? அட போங்க! என் வீட்டுக்காரருடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

கல்யாணமான புதிதில் எங்கள் ஊர் புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து சுங்கை ஆயர் தாவாரில் இருக்கும் நாத்தனார் வீடு வரைக்கும் அந்த மோட்டாரில்தான் போவோம். செம்பனைத் தோட்டம் முடிந்தால் வயல், வயல் முடிந்தால் மறுபடியும் செம்பனை. வழி முழுக்க நான் அவர் காதுக்குள் கத்திப் பேசிக்கொண்டே வருவேன். அப்புறம் உடம்பு ஏறிக்கொண்டே போனது. ஒரு தடவை நடுவழியில் பின் டயர் வெடித்தது. தள்ளிக்கொண்டு போனால், பட்டறை முதலாளி தவுக்கே டயரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துச் சிரித்தார். வந்த கோபத்துக்கு அவர் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கி எறிந்திருப்பேன். அன்றோடு சரி. சேர்ந்து போவதென்றால் கார்தான் என்றாகிவிட்டது. மோட்டார் வீட்டுக்காரர் தோட்டத்து வேலைக்குப் போக மட்டும். காரிலும் பக்கத்தில்தான் உட்காருகிறோம், ஆனால் அதுவும் இதுவும் ஒன்றா?

டாக்டர் என் இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழம் அளவுக்குத் தைத்துவிட்டார். மயக்கம் தெளிந்ததும், "டாக்டர், மோட்டார்ல எப்ப ஏறலாம்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "முதல்ல குடிக்கிறது உள்ள தங்கட்டும்மா. உள்தையல் கசிஞ்சா மறுபடியும் ஆபரேஷன்தான்."

அதற்கப்புறம் அந்த வாழைப்பழத்தைக் கைக்குழந்தை மாதிரி காத்தேன். மருந்து ஊற்றும் குட்டிக் கப்பில் தண்ணீர் வரும். நாக்கு நனைகிற அளவுக்கு ஒரு வாய், கொஞ்சம் பொறு, இன்னொரு வாய். "பெலான் பெலான், கா" என்று மலாய் நர்ஸ் மெதுவாகக் குடிக்கச் சொல்லிக்கொண்டே இருப்பாள். நடக்கச் சொன்னதும் மற்ற நோயாளிகள் முனகினார்கள். நான் டிரிப்ஸ் ஏற்றும் கம்பியைத் தள்ளிக்கொண்டு வார்டையே வலம் வந்தேன்.

மறுநாள் மத்தியானம் நாத்தனார் வந்தாள், அண்ணனையும் இழுத்துக்கொண்டு, கையில் பெரிய பிளாஸ்கோடு. திறந்ததும் வார்டே மணந்தது. விரால் சூப்! எங்கள் பக்கத்தில் கத்தி பட்ட உடம்புக்கு விரால் சூப் கொண்டுபோகாவிட்டால் அது சொந்தமே இல்லை. பிள்ளை பெற்றாலும் விரால், கால் ஒடிந்தாலும் விரால்.

பிளாஸ்க் மூடி நிறைய ஊற்றி நீட்டினாள். "ஒரே மடக்கா குடிச்சிருங்க அண்ணி. புண்ணு கப்புனு கூடிரும்லா."

"அடியே, வெட்டுனதே வயித்தத்தான்! எங்க ஊத்தச் சொல்ற?"

"அலாமா!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். விடியக் காலையில் வயல் வாய்க்காலில் மீன் பிடிக்கிறவரைத் தேடிப்போய் உயிர் மீன் வாங்கி வந்தவள். முகம் சுண்டிப்போனது. எனக்கே பாவமாக இருந்தது.

வாசனை பிடித்து நர்ஸ் வந்துவிட்டாள். டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்து, தெளிய வடிகட்டினால் குட்டிக் கப்பில் கொஞ்சம் கொடுக்கலாம் என்றாள். நாத்தனாருக்கு உயிர் வந்தது. டீ வடிகட்டி வாங்கிவந்து, கண்ணாடி மாதிரி தெளியும்வரை விடாமல் வடித்தாள். நான் ஒரு வாய் வைத்தேன். மூன்று பேரும் என் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். குமட்டவில்லை. இன்னொரு வாய். தங்கியது! பாதிக் கப்பில் வயிறு நிறைந்துவிட்டது.

"போதும்" என்றேன்.

வீட்டுக்காரர் பதறிவிட்டார். "போதுமா? நீயா சொல்ற? என்னம்மா செய்யுது?"

செத்தேன் சிரித்து. சிரித்தால் தையல் வலிக்கிறது, வலித்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. மிச்சத்தை அண்ணனும் தங்கையுமாக என் கண் முன்னாலேயே உறிஞ்சித் தீர்த்தார்கள். எனக்குப் பொறாமை துளிகூட இல்லை. அதற்கு அடுத்த நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மாதங்கள் ஆயின. சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே மோட்டார் சாவியை எடுத்து நீட்டினேன். "கிளம்புங்க, தங்கச்சி வீட்டுக்கு."

வெளியே வந்ததும்தான் பார்த்தேன். பின்னால் கால் வைக்கும் கம்பிகள் இரண்டும் மடங்கிக் கிடந்தன. எத்தனை வருஷம் ஆகிவிட்டது! துருவேறி இறுகியிருக்கும். "சுத்தியல் எடுத்துட்டு வாங்க" என்றேன்.

அவர் காலால் லேசாகத் தட்டினார். சத்தமே இல்லாமல் இறங்கியது.

"யார ஏத்திக்கிட்டுத் திரிஞ்சீங்க?" என்று எகிறினேன்.

"யாரும் ஏறல. செயினுக்கு எண்ணெய் விடுறப்பெல்லாம் அதுக்கும் விட்டுட்டுத்தான் இருந்தேன்" என்றார். "நீ ஏறுவேல்ல."

ஏறி உட்கார்ந்து, அவர் முதுகில் சாய்ந்து விசும்பி விசும்பி அழுதேன்.

"ஹெல்மெட் இடிக்குது புள்ள" என்றார்.