மீனாவின் வலது கை

2023 பிப்ரவரி 11, சனிக்கிழமை. வழக்கம்போல் காலை ஆறு மணிக்குக் குளத்தூர் மைதானத்தில் எங்கள் பெண்கள் பேஸ்பால் அணிக்குப் பயிற்சியைத் தொடங்கினேன். அந்த சீசனின் இறுதி ஆட்டத்துக்கு இரண்டே நாள்கள் இருந்தன. பந்து வீசும் மீனா முழங்கையைப் பிடித்தபடி வந்தாள்.

"வலிக்குது டீச்சர். நீங்கதான் ரெட்டப்புள்ள பெத்தவங்களாச்சே, சுளுக்கு எடுத்துவிடுங்க."

"டாக்டருகிட்ட போனா ரெஸ்டுன்னுருவாரு. அப்பறம் கப்பு அங்கிட்டுப் போயிரும்" என்று சிரித்தாள் இன்னொருத்தி.

இரட்டைப் பிள்ளை பெற்றவள் நீவினால் சுளுக்கு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் மீனா இல்லாமல் ஜெயிக்க முடியாது. எண்ணெய் தடவிக் கையை இழுத்தேன். படக்கென்று ஒரு சத்தம் கேட்டது. மீனா அலறினாள்.

ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த எலும்பு முறிந்துவிட்டது, இனிப் பந்து வீசுவது சந்தேகம் என்றார் டாக்டர். "கையை யாரும்மா இழுத்தது?"

"யாருமில்ல சார், நானாத்தான் விழுந்துட்டேன்" என்றாள் மீனா. அவள் அப்பா, "நல்லவேளை, டீச்சர் கூட இருந்தீங்க" என்று என்னைக் கும்பிட்டார். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.

எதையும் விடாமல் டைரியில் எழுதுபவள் நான். அன்று, 'மீனா விழுந்தாள்' என்று எழுதினேன். அந்தச் சத்தத்தைவிட, என் கையெழுத்தில் இருக்கும் அந்த வரிதான் இன்றும் என்னை விடாமல் துரத்துகிறது.

மறுநாள் விடிந்ததும் பல்கூட விளக்காமல் அவர்கள் வீட்டுக்குப் போய், அவள் அப்பாவிடம் சொன்னேன்: "ஒங்க மக கைய இழுத்தது நான்தாங்க."