இட்லித் தட்டில் ஒன்பது போல்ட்டுகள்

ஆவடியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை என்று யாரிடமாவது சொல்லிவிட்டால் போதும், உடனே வீட்டுக்குள் போய் ஓடாத மிக்ஸியை எடுத்துக்கொண்டு வந்து நீட்டிவிடுவார்கள். எனக்கு மிக்ஸி மூடியைக்கூட ஒழுங்காகப் பூட்டத் தெரியாது. நான் ஸ்டோர்ஸில் குமாஸ்தா. இருபத்தெட்டு வருஷமாக நட்டும் போல்ட்டும் என் கை வழியாகத்தான் போகின்றன. ரகம் பார்ப்பேன், அளவு பார்ப்பேன், சீட்டு எழுதுவேன். அவை எந்த இயந்திரத்தில் போய் உட்காருகின்றன என்று கேட்டதே கிடையாது.

எங்கள் வீட்டில் மெக்கானிக் என்றால் அது என் மகள்தான். பி.காம் படித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். எங்கள் பழைய சின்னக் காரில்தான் வண்டி ஓட்டப் பழகினாள். ஒரு மழை நாளில் வைப்பர் நின்றுபோக, போனில் வீடியோ பார்த்துத் தானே சரி செய்தாள். அடுத்து பிரேக் விளக்கு, அப்புறம் பிளக், அப்புறம் பேட்டரி. குவார்ட்டர்ஸ் வாசலில், வேப்பமர நிழலில், பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு பானெட்டுக்குள் தலையை விட்டால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். என் பங்கு டார்ச் பிடிப்பது. அதையும் ஒழுங்காகப் பிடிப்பதில்லை என்று திட்டு வாங்குவேன். "ப்பா, என் மூஞ்சிய ஏன் பாக்கற, எஞ்சினப் பாரு" என்பாள். அந்த முகத்தைப் பார்க்கத்தான் நான் டார்ச்சே பிடிக்க ஒப்புக்கொண்டேன் என்று அவளிடம் சொன்னதில்லை.

போன வருஷம் ஒரு நாள் ஐயப்பன்தாங்கலில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, குமணன்சாவடி சிக்னலில் வண்டி கொதித்துவிட்டது. பானெட் இடுக்கு வழியே ஆவி குபுகுபுவென்று வருகிறது. பின்னால் இருக்கும் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. மூட்டு வலிக்காரியான என் மனைவி வெயிலில் ரோட்டைக் கடந்து ஓரமாக நின்றாள். எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. கோபம் வந்தால் முன்பின் யோசிக்கிற பழக்கம் எனக்கில்லை. அங்கேயே நின்றபடி, பழைய வண்டிகளை வாங்கி உடைக்கிற ஒருவருக்குப் போன் போட்டு, வருகிற திங்கட்கிழமை காலை வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன்.

வண்டி ஆறியதும் மகள் தண்ணீர் ஊற்றி, நிறுத்தி நிறுத்தி வீடுவரை ஓட்டி வந்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் கேட்டாள்.

"தண்ணி பம்ப்புதான்ப்பா போயிருக்கு. கீழ ஒழுவுது பாரு. ஞாயித்துக்கிழம சாயந்திரம் வரைக்கும் டைம் குடு. ஓடலேன்னா நானே சாவியக் குடுத்துடறேன்."

சரி என்றேன். அவளால் முடியாது என்றுதான் நினைத்தேன். அதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை பெல்ட்டைக் கழற்றி, அதன் பின்னால் இருந்த மூடியைக் கழற்றி, பம்ப்பை வெளியே எடுத்தாள். அதைப் பிடித்துக்கொண்டிருந்தவை ஒன்பது போல்ட்டுகள். தலை எல்லாம் ஒரே மாதிரி, நீளம் மட்டும் மூன்று விதம். என் மனைவி கழித்துப் போட்ட பழைய இட்லித் தட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு, கழற்றிய வரிசைப்படி ஒரு குழிக்கு ஒரு போல்ட்டாகப் போட்டாள். எந்தக் குழியோ அந்தத் துளை. அந்த ஏற்பாட்டைப் பார்த்து நான் அசந்துதான் போனேன்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும், புதுப் பம்ப் வாங்க அவள் பூந்தமல்லிக்குக் கிளம்பினாள். நான் தட்டுகளுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கருப்பாக, பிசுக்காக, நீளமும் குட்டையுமாகக் கலந்து கிடந்த அந்த ஒன்பது போல்ட்டுகளும் என் கண்ணை உறுத்தின. ஸ்டோர்ஸில் எங்களுக்கு முதல் பாடமே ஒரே அளவு ஒரே இடத்தில் என்பதுதான். கலந்து வைத்தால் தூக்கம் வராது. மண்ணெண்ணெயும் பழைய பனியனும் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் பளபளவென்று துடைத்தேன். நீளமானவை மேல் தட்டில், நடுத்தரம் நடுவில், குட்டை கீழே. மூன்று துண்டுச் சீட்டில் அளவும் எழுதி வைத்தேன். மகளுக்கு நானும் ஏதோ உதவி செய்துவிட்டேன் என்று மனசு நிறைந்துபோய் ஒரு டீயும் குடித்தேன்.

டீ பாதி இறங்கும்போதுதான் உறைத்தது.

எது எந்தத் துளை? நீளமான போல்ட்டைக் குட்டைத் துளையில் போட்டு முறுக்கினால் அடியில் முட்டி எஞ்சினே விரிசல் விடும் என்று முந்தின நாள்தான் அவள் சொல்லியிருந்தாள். அவள் போனில் படம் எடுத்திருந்தாள், ஆனால் படத்தில் தெரிவதெல்லாம் ஒரே மாதிரியான ஒன்பது தலைகள். வண்டி போனால் போகட்டும். விற்கச் சொன்னவன் நான், போல்ட்டைக் கலைத்தவனும் நான். இவள் என்ன நினைப்பாள்? நான் வேண்டுமென்றே கெடுத்தேன் என்று ஒரு நொடி நினைத்துவிட்டால்கூட, அதற்கப்புறம் நான் எந்த மூஞ்சியோடு அவள் பக்கத்தில் டார்ச் பிடிப்பது?

அவள் வந்தாள். தட்டுகளைப் பார்த்தாள். சீட்டுகளையும் பார்த்தாள். அவள் கூப்பிடாமலே நானே எழுந்து போய்ச் சொல்லிவிட்டேன்.

"நான்தான்மா. ஸ்டோர்ஸ் புத்தி. அளவு பாத்து அடுக்கிட்டேன். வேணும்னு செய்யலம்மா, சத்தியமா."

அவள் ஒரு போல்ட்டை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தாள்.

"தெரியும்ப்பா. வேணும்னு கெடுக்கறவன் இப்டி தொடச்சு வெப்பானா?"

அவ்வளவுதான் சொன்னாள். பெற்று வளர்த்த எனக்கு இருக்கிற நிதானத்தைவிட அவளுக்கு நூறு பங்கு அதிகம். அது யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை, என்னிடமிருந்து இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

பிறகு அவள் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து வெகுநேரம் பழைய பம்ப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள், நகரவில்லை. திடீரென்று எழுந்து புதுப் பம்ப்பை எஞ்சினில் பொருத்தி என்னைப் பிடிக்கச் சொன்னாள். ஒவ்வொரு போல்ட்டாக, முறுக்காமல், விரலால் துளைக்குள் விட்டாள்.

"இதோ பாரு. சரியான போல்ட்டுன்னா எல்லாம் வெளில ஒரே அளவு நீட்டிகினு நிக்கணும். நீளம் தப்பாப் போனா ஒண்ணு மட்டும் துருத்திகினு நிக்கும். குட்டை தப்பாப் போனா உள்ள பூந்துடும்."

"இது எந்த வீடியோல வந்துச்சு?"

"எதுலயும் வரல. யோசிச்சேன்."

நாலாவது துளையில் ஒன்று துருத்தியது, மாற்றினாள். ஏழாவதில் ஒன்று பொசுக்கென்று உள்ளே போனது, எடுத்தாள். கடைசியில் ஒன்பதும் ஒரே மட்டத்தில், அசெம்பிளிக்கு நிற்கிற பிள்ளைகள் போல் நின்றன. இத்தனை வருஷம் போல்ட்டோடு குடும்பம் நடத்தியவன் நான். போல்ட் தனக்கான துளையைத் தானே காட்டிக்கொடுக்கும் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

சாயந்திரம் நாலரைக்கு வண்டி உயிர் பெற்றது. மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, மூன்று பேருமாகக் குமணன்சாவடி வரை போனோம். அதே சிக்னல். அவள் ரோட்டைப் பார்த்தாள், நான் சூட்டு முள்ளையே பார்த்தேன். அது நடுவில் நின்றதோடு சரி, மேலே ஏறவே இல்லை.

பழைய வண்டிக்காரருக்கு அன்றைக்கே போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதை மட்டும் வேண்டுமென்றேதான் செய்தேன். நேரில் ஒருவரிடம் சொல்லிக்கொள்ள ஆசையாக இருந்தது.

திங்கட்கிழமை காலை அவர் டெம்போவோடு வந்து சேர்ந்தார். வேப்பமரத்தடியில் எண்ணெய்க் கறை மட்டும்தான் இருந்தது.

"இன்னா சார், வண்டி எங்க கீது? வேற ஆளுக்குத் தள்ளி வுட்டியா?"

"இல்லப்பா. பம்ப் மாத்தியாச்சு. என் பொண்ணு அதுலதான் டூட்டிக்குப் போயிருக்கா."

"மாத்திட்டியா? பரவால்லயே! என்கிட்டயும் ஒரு வண்டி இதே மாரி ஒழுவிகினு கீது சார். நீ கொஞ்சம் வந்து பாக்கறியா?"

"அத அவகிட்டதான் கேக்கணும்" என்றேன். "நான் டார்ச் புடிக்கிற ஆளு."