வரதன் உயிரோடு இருந்த திங்கட்கிழமைகள்

போன ஞாயிறு என் மகள் கைபேசியில் தன் சிநேகிதியோடு பெரிய சண்டை. இருவரும் ஒரே உளவுத் தொடரைப் பார்க்கிறார்கள். மகள் இன்னும் பார்க்காத கடைசிப் பாகத்தின் கதையைச் சிநேகிதி உளறிவிட்டாளாம். "அவன் சாகேல்லை எண்டு உன்னை ஆர் சொல்லச் சொன்னது?" என்று கத்தினாள். குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்த நான் குழாயைப் பூட்டாமல் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் வீட்டில் எதற்கும் முதல் ஆளாகச் சிரிப்பவள் நான்தான். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது கதையைச் சொன்னால் கோபம். எங்கள் காலத்தில் சொல்லாவிட்டால்தான் கோபம். பளைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலைக்கு நான் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. முகத்துக்கு முன்னால் தடித்த கண்ணாடி, முழங்கால் வரை பாரமான அங்கி, அதற்கு மேல் வெயில். ஆளுக்காள் எட்ட எட்ட முழந்தாளிட்டு மண்ணைச் சுரண்ட வேண்டும். கதைக்கக் கூடாது. என்னைப் போன்ற வாய்க்காரிக்கு வெடியைவிட அதுதான் பயம். மணித்தியாலத்துக்கு ஒருமுறை விசில் அடித்துப் பத்து நிமிடம் ஓய்வு தருவார்கள். தகரக் கொட்டிலுக்குள் ஓடி, கண்ணாடியைக் கழற்றியதுமே, "சொல்லடி சுபா" என்போம்.

எங்கள் அணியில் சுபா வீட்டில் மட்டும்தான் ரீவி இருந்தது. ஞாயிறு பின்னேரம் போகும் ஓர் உளவுத் தொடர், எங்கோ வெளிநாட்டில் எடுத்துத் தமிழில் பேசவிட்டது. திங்கட்கிழமை ஓய்வுகளெல்லாம் அதற்கே போகும். நாயகனின் பேர் எங்கள் வாய்க்குள் நுழையவில்லை. சுபா அவனுக்கு வரதன் என்று பேர் வைத்தாள். உளவாளி என்ற சொல்லையும் நாங்கள் உரத்துச் சொல்வதில்லை. பக்கத்தில் யார் நிற்கிறார்கள், எங்கே போய்ச் சொல்வார்கள் என்று தெரியாத காலம் அது. அதனால் அவன் தொழிலைக் 'கந்தோர் வேலை' என்றோம். கேட்கிறவர்கள் ஏதோ அலுவலகத்தில் எழுதிப் பிழைக்கிறவன் என்று நினைத்துக்கொள்வார்கள். பெரிய கெட்டிக்காரிகள் என்று எங்களுக்குள் நினைப்பு.

நாங்கள் துப்புரவாக்கிக்கொண்டிருந்த நிலத்தில் அற்புதமம்மாவின் காணியும் ஒன்று. கிழமைக்கு மூன்று நாளாவது வந்து, வெடி இருக்கும் எல்லையைக் காட்டும் சிவப்புத் தலைக் கட்டைகளுக்கு அப்பால் நின்று, "என்ர துண்டு எப்ப பிள்ளை முடியும்?" என்று கேட்பார். அவருடைய மூத்த மகன் கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். அவனுக்குத் தெரிந்த வீடு இது ஒன்றுதான், வந்தால் இங்கேதான் வருவான், அதற்குள் தான் குடிவந்துவிட வேண்டும் என்பார். மகனை எப்போதும் 'மூத்தவன்' என்றுதான் சொல்வார். அவன் பேரை நாங்கள் கேட்கவுமில்லை.

இரண்டு கிழமைக்கு முந்திய பாகத்தில் வரதனின் வாகனம் வெடித்துச் சிதறியிருந்தது. நாங்கள் துக்கம் காத்துக்கொண்டிருந்தோம். அந்தத் திங்கள் விசில் அடித்ததுதான் தாமதம், சுபா கொட்டிலை நோக்கி ஓடிக்கொண்டே கத்தினாள். "வரதன் சாகேல்லையடி! உயிரோட இருக்கிறான்! வேற பேரில ஆசுப்பத்திரியில கிடக்கிறான். மெலிஞ்சு, தாடி வளந்து... என்ர கண்ணால கண்டனான்!"

திரும்பிப் பார்த்தால், அற்புதமம்மா கட்டைகளைத் தாண்டி எங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறார்.

"என்ர வரதனோ பிள்ளை? எந்த ஆசுப்பத்திரி?"

எல்லோரும் நில்லுங்கோ, நில்லுங்கோ என்று கத்தினோம். அவர் காதில் அது விழவேயில்லை. அடுத்த அடிக்குக் காலைத் தூக்கியபோது என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ஓம் அம்மா, உங்கட வரதன்தான்! அதில நில்லுங்கோ, எல்லாம் சொல்லுறன்."

நின்றார். எங்கள் அணிப் பொறுப்பாளர் வெடி தேடும் கருவியோடு அடியடியாக மண்ணைப் பார்த்துக்கொண்டு அவரிடம் போய்ச் சேர அரை மணித்தியாலம் எடுத்தது. அவ்வளவு நேரமும் அவரை அசையாமல் நிறுத்துவது என் வேலையாகிவிட்டது. "சாப்பிடுறானோ?" "ஓம் அம்மா, சாப்பிடுறான்." "என்னைக் கேட்டவனோ?" "ஓம் அம்மா, கேட்டவன்." அவர் முகத்தில் அன்று நான் கண்ட சந்தோசத்தை அதற்குப் பிறகு எந்தக் கலியாண வீட்டிலும் காணவில்லை. அதைக் கொடுத்தவளும் நான், கொட்டிலுக்குள் கூட்டிவந்து இருத்தி அதைப் பறித்தவளும் நான். "அம்மா, அது ரீவியில போற கதை" என்றேன். அவர் அழவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப ஏன் பிள்ளை சாப்பிடுறான் எண்டனீ?"

நான் அவர் குடித்த கோப்பையை வாங்கிக் கழுவப் போனேன்.

இரண்டு கிழமை அவர் வரவில்லை. பிறகு ஒரு திங்கள், ஓய்வு நேரம் பார்த்து வந்து, கொட்டில் வாசலில் குந்தினார். "அந்தப் பிள்ளைக்கு இப்ப சுகமோ? தாய் வந்து பாத்தவவோ?" தொடரில் தாயே கிடையாது. சுபா என்னைப் பார்த்தாள். பிறகு, "ஓம் அம்மா, வந்தவா" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வரதனுக்கு ஒரு தாய் இருந்தார். ஒவ்வொரு கிழமையும் சுபா அவரை எங்காவது நுழைத்துவிடுவாள். அந்தத் தாயின் கையில் நான் கதைக்குள்ளேயே சோறு கட்டிக் கொடுத்து அனுப்புவேன். நாங்கள் சொன்ன தொடரை எடுத்தவர்களே பார்த்திருக்க மாட்டார்கள்.

கடைசிப் பாகத்தில் வரதனைச் சுட்டுவிட்டார்கள். அந்த முறை நாங்கள் எல்லோரும் சுபா வீட்டில் கூடிப் பார்த்தோம். திங்கள் அற்புதமம்மா வந்தார். சுபா தண்ணீர் எடுக்கப் போவதுபோல எழும்பிப் போய்விட்டாள். நான்தான் சொன்னேன்.

"எல்லாம் முடிஞ்சு வீட்டை போயிட்டான் அம்மா."

"தாய் அடையாளம் கண்டவவோ?"

"வாசல் படலையடியிலேயே கண்டிட்டா."

அவர் மடியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். "நேற்று நானும் ஒரு வீட்டில போய் ரீவியில பாத்தனான் பிள்ளை. சுட்டுப்போட்டாங்கள்." எனக்கு நிலத்தைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அவர் என் கையைப் பிடித்தார். "நீ சொன்னதுதான் நல்லாயிருக்கு. இன்னொருக்காச் சொல்லு."

சொன்னேன். அவன் பஸ்ஸால் இறங்கியதிலிருந்து, ஒன்றும் விடாமல், விசில் அடிக்கும்வரை சொன்னேன்.

அடுத்த வருடம் காணி அவர் கைக்கு வந்தது. சின்னதாகத் தகரக் கொட்டில் போட்டுக்கொண்டு அதிலேயே இருந்தார். நாலைந்து மாரி மழைதான் கண்டார். நோயில் விழுந்து அங்கேயே கண்ணை மூடினார். சுபா பிரான்சில் இருக்கிறாள், எப்போதாவது கைபேசியில் எடுத்தாலும் பிள்ளைகளின் படிப்பைத்தான் கதைப்போம். மகளின் சண்டைக்கு அடுத்த நாள் ஓர் அலுவலாகப் பளைக்குப் போனேன். அந்தக் காணியை யாரோ வாங்கி மதில் கட்டி, தென்னங்கன்று வைத்திருக்கிறார்கள். தகரக் கொட்டிலைக் காணவில்லை. வரதன் இன்றைக்கு உண்மையாகவே பஸ்ஸால் இறங்கி அந்த வாசலில் வந்து நின்றாலும், அவனை அடையாளம் காண அங்கே ஒருவரும் இல்லை.