கூனிமேட்டுச் சாலையில் ஓடியது யார்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். நாலாவதுக்கு மேல் படிக்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். உப்பளத்தில் பாதி ஆயுசு தனியாகக் கழித்தவன், ஒன்றையும் பார்த்ததில்லை. நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

எட்டு வருஷத்துக்கு முன், மாசி மாதம், மரக்காணம் உப்பளத்தில் ஓர் ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். விடியலில் கிளம்பிப் பாண்டிச்சேரி கடற்கரை வரை ஓடித் திரும்ப வேண்டும், போக வர நாற்பது மைலுக்கு மேல். வரப்பில் ஓடிப் பழகிய கால் என்று என்னையும் சேர்த்துவிட்டார்கள், மாட்டேன் என்று சொல்லக் கூச்சம். ஒன்பது பேரில் எட்டுப் பேர் வழியிலேயே பஸ் ஏறிவிட்டார்கள். நான் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. முடிவிடத்தில், ஓடி வருகிறவர் நெஞ்சில் படும்படி சாலையோரப் பனையில் குறுக்கே கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டு எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். நானும் பஸ் ஏறிவிட்டதாக நினைத்தார்களாம். நான் யாரிடமும் எதுவும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் எழ முடியவில்லை. பாதம் வீங்கி, இரண்டு நகம் கழன்று, மூத்திரம் டீத்தண்ணி நிறத்தில் போனது. என் மனைவி மேரி நொச்சித்தழை போட்டு வெந்நீர் ஊற்றினாள், கஞ்சி கொடுத்தாள். வீக்கம் வடிந்தும் கால் நிற்கவில்லை. சும்மா படுத்திருக்கும்போதே அழுகை வரும், எதற்கென்று தெரியாது. உப்பு வாரும் காலம், இன்னும் ஒரு வாரம் போகாவிட்டால் என் பாத்தி வேறு ஆளுக்குப் போய்விடும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. தினமும் உச்சிவேளையில் படுத்தபடியே இரண்டு காலும் தானாக உதறும், மூச்சு வாங்கும், வேர்த்து ஊற்றும், அது ஓய்ந்ததும் கால் முன்னைவிட வலுவில்லாமல் கிடக்கும்.

நாலாம் நாள் சாயங்காலம் மேரியின் தம்பி வந்தான், உப்பு லாரி ஓட்டுகிறவன்.

"இன்னா மாமா, இங்க படுத்துக்கினு கீறீங்க? மத்தியானம் கூனிமேட்டாண்ட தலையில துண்டு கட்டிக்கினு ஓடினீங்களே. ஆரன் அடிச்சா திரும்பிக்கூட பாக்கல. அவ்ளோ பெரிய மனுசன் ஆயிட்டீங்களா?"

"டேய், அவரு பாயை விட்டு எழுந்தே நாலு நாளாவுது," என்றாள் மேரி.

அவன் சிரிப்பு நின்றது. "அப்ப முந்தாநேத்து காலாப்பட்டாண்ட பாத்தது யாரு, அக்கா?"

முதலில் பாண்டிச்சேரிப் பக்கம் காலாப்பட்டு, பிறகு கூனிமேடு. அது எங்கள் ஊரை நோக்கி வந்துகொண்டிருந்தது.

மறுநாள் மேரி அந்தப் பந்தயக் கயிற்றைக் கேட்டு வாங்கிவந்தாள். "நீங்க ஓடி முடிச்சத யாரும் பாக்கல இல்ல? நான் போய்ப் பாக்கறேன்," என்று சொல்லிவிட்டு, உச்சிவெயிலில் தனியாகப் போய் ஒரு நுனியைப் பனையில் கட்டி, மறு நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நம்பினால் நம்புங்கள், வீட்டில் என் கால் உதறியது, மூச்சு முட்டியது, நெஞ்சில் குறுக்கே ஏதோ இறுகி அறுந்த மாதிரி இருந்தது. அத்தோடு எல்லாம் நின்றது. சுவரைப் பிடிக்காமல் எழுந்து நின்றேன்.

மேரி திரும்பி வந்தாள். உள்ளங்கையில் கயிறு அறுத்த காயம். நான் நிற்பதைப் பார்த்து அழுதாள், சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

"யாரு வந்தது?"

"நீங்கதான்," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அடுத்த வாரம் வேலைக்குப் போனேன், காலில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

போன மாதம்தான் மீதியைச் சொன்னாள்.

"கயிறு பட்டதும் துண்டு கீழ விழுந்துச்சு. தல பூரா நரைச்சிருந்துச்சுங்க. நீங்கதான், ஆனா வயசானவரு. என்னப் பாத்துட்டு, 'மேரி, நீ இருக்கியா?'ன்னு கேட்டு அழுதாரு. அப்புறம் அங்க யாருமில்ல."

அதற்குப் பிறகு அவள் லேசாக இருமினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. இன்று காலை கண்ணாடியில் பார்த்தேன், காதோரம் இரண்டு நரை. அவள் அடுப்படியிலிருந்து வருவதற்குள் பிடுங்கி எறிந்துவிட்டேன்.

1979, ஆவணி 9