அறுபத்தொன்றாவது பிள்ளை

இதை நான் எழுதுகிறேன் என்று சொன்னால் என் ஆட்டோவே சிரிக்கும். நான் போனைப் பார்த்துப் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. அது எழுதியதைப் பெரிய டீச்சர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு திருத்துகிறார். இதுவரை நான்கு ஜோக்கை வெட்டியாகிவிட்டது. மிச்சம் இருக்கும் தமிழ் நன்றாக இருந்தால் அது அவருடையது.

நான் பள்ளிக்கூடம் போனது ஒன்றரை வருடம். சொந்த ஊர் தொண்டூர். அங்கே குன்றில், பழைய காலத்துச் சமண முனிவர்கள் படுக்கக் கல்லிலேயே வெட்டிய படுக்கைகள் இருக்கின்றன. அவர்கள் அதில் தவம் செய்தார்கள். நான் அதில் பள்ளிக்கூடம் விடும் மணி அடிக்கிறவரைக்கும் தூங்கினேன். வாத்தியாரைக் கண்டு ஓடின அதே கால்தான், இருபது வருடமாகத் தினமும் பள்ளிக்கூட வாசலில் பிரேக்கை மிதிக்கிறது.

காலை எட்டு மணிக்கு செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இரண்டு டீச்சர்கள் ஏறுவார்கள். அவலூர்பேட்டை ரோட்டில் போய், உள்ளே திரும்பினால் ஒரு ஊர், அதில் ஒரு தொடக்கப் பள்ளி. பெரிய டீச்சர் அங்கே தலைமை ஆசிரியை. சின்ன டீச்சருக்கு வயது நாற்பத்தாறு, ஆனாலும் பெரிய டீச்சர் இருக்கிறவரைக்கும் அவர் சின்ன டீச்சர்தான். மூன்றாவதாக ஒரு சார் உண்டு. அவர் பைக்கில் வருவதால் என் வருமானத்துக்கும் இந்தக் கதைக்கும் அவரால் பிரயோஜனம் இல்லை.

டீச்சர்கள் வகுப்பில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அங்கே அதிகம் இருந்ததில்லை. ஆட்டோவில் என்ன பேசுவார்கள் என்று தெரியும். போகும்போது போன் பற்றிப் பேச்சு. வருகைப் பதிவு போனில், பிள்ளைகள் சாப்பிட்ட கணக்கு போனில், பரீட்சை மார்க் போனில். புளியமரத்து வளைவில் மட்டும் டவர் கிடைக்கும். அங்கே இரண்டு நிமிடம் வண்டியை நிறுத்துவேன், இரண்டு பேரும் கையை வெளியே நீட்டி வானத்துக்குப் போனைக் காட்டுவார்கள். பார்க்கிறவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைப்பார்கள். திரும்பி வரும்போது பிள்ளைகள் பற்றிப் பேச்சு. எந்தப் பிள்ளை இன்று முதல்முறையாக வாய் திறந்தது, எது தூங்கியது, எது இன்னும் ஆறைத் திருப்பிப் போடுகிறது என்று செஞ்சி வரைக்கும் ஓடும்.

பெரிய டீச்சருக்கு ஒரு குறை. முப்பத்திரண்டு வருடத்தில் அவர் சம்பாதித்தது என்ன என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். செஞ்சி மார்க்கெட்டில் பேரம் பேச முடியாமல் போனதுதான் என்றார். கீரை விற்கிறவள் அவரிடம் படித்தவள், வெங்காயக் கடைக்காரன் அவரிடம் உதை வாங்கினவன். விலை கேட்டாலே எழுந்து நின்றுவிடுகிறார்களாம். முகம் மறந்துபோனாலும், கடைக்காரர்கள் எழுதித் தரும் காய்கறிச் சீட்டின் கையெழுத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்.

என் தொழிலின் இன்னொரு பாதியையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லாக் கோளாறும் அங்கிருந்துதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டை பார்க்க வருகிறவர்களை ஏற்றுவேன். அவர்கள் சரித்திரம் கேட்பார்கள். எனக்குச் சரித்திரம் தெரியாது, ஆனால் வாய் உண்டு. எந்த ராஜா எந்தக் குளத்தில் குளித்தான், எந்த ராணி எந்த ஜன்னலில் நின்றாள் என்று அந்த நேரத்துக்குத் தோன்றியதைச் சொல்வேன். ஒருமுறை வழியில் ஏறிக்கொண்ட பெரிய டீச்சர் ஓரமாக உட்கார்ந்திருப்பதை மறந்து, ஒரு ராஜாவுக்குப் பதினெட்டுக் குழந்தைகள் கொடுத்துவிட்டேன். இறங்கும்போது அவர் அமைதியாக, "அதுல ரெண்டு பேருக்காவது பேரு வெச்சியாப்பா?" என்று கேட்டார். பொய் சொல்வது எனக்கு இண்டிகேட்டர் போடுவது மாதிரி. கை தானாகப் போகும்.

போன வருடத்துக்கு முந்தின கோடையில், வண்டியில் பேச்சு குறைந்தது. விஷயம் இதுதான். பள்ளியில் பிள்ளைகள் அறுபதைத் தாண்டினால்தான் மூன்றாவது டீச்சர். ஆகஸ்ட் பிறக்கும்போது எடுக்கிற எண்ணிக்கையில் குறைந்தால், கடைசியாகச் சேர்ந்தவரை வேறு எங்காவது தூக்கிப் போடுவார்கள். கடைசியாகச் சேர்ந்தவர் சின்ன டீச்சர். அப்போது காலியாக இருந்த இடம் மரக்காணம் பக்கம், கடலோரம். அவர் வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்து, அப்போதுதான் கம்பு பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தார். காலையில் அவரைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டிவிட்டுத்தான் டீச்சர் எட்டு மணிக்கு வந்து நிற்பார். மரக்காணம் என்றால் விடியுமுன் கிளம்ப வேண்டும். அந்த மனிதரை யார் குளிப்பாட்டுவது?

ஐந்தாவது முடித்தவர்கள் போக மீதி நாற்பத்தொன்பது. இன்னும் பன்னிரண்டு பிள்ளைகள் வேண்டும். ஊரிலோ தினமும் காலையில் அவலூர்பேட்டையிலிருந்து ஒரு மஞ்சள் வேன் வந்து, டை கட்டின பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிறது.

பிள்ளை சேர்க்கை என்று டீச்சர்கள் நோட்டீஸோடு வீடு வீடாகப் போவது வருடா வருடம் நடப்பதுதான். அந்த வருடம் என் ஆட்டோவில் மைக் செட் கட்டினோம். பெரிய டீச்சர் பேசினால் மைக்கிலும் பாடம் நடத்துகிற மாதிரியே இருந்தது. அதனால் மைக்கை நான் வாங்கிக்கொண்டேன். படிக்காமல் போனால் இப்படித்தான் ஆகும் என்று என்னையே காட்டினேன். பஸ் போர்டு படிக்கத் தெரியாமல் திருவண்ணாமலை போக வேண்டியவன் திண்டிவனம் போனது, கல்யாணப் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டது, எல்லாம் சொன்னேன். தெருவே சிரித்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆடு வளர்க்கிற ஒரு அம்மா, நூறு நாள் வேலை முடிந்து மண்வெட்டியோடு நின்றவள், சிரிக்கவில்லை. அவளுக்கு ஐந்தரை வயதில் ஒரு பெண். என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"வண்டி உன்னுதா?"

என்னுதுதான் என்றேன்.

"படிக்காத நீ சொந்த வண்டி வெச்சிக்கினு மைக்ல பேசற. எங்க கொழுந்தன் மவன் இன்ஜினீயரிங் படிச்சிட்டு மெட்ராஸ்ல அடுத்தவன் வண்டில சோத்து மூட்டை தூக்கினு போறான். உன்னப் பாத்தா படிக்காம இருக்கறதே மேலுன்னு தோணுதுய்யா."

தெரு இன்னும் அதிகமாகச் சிரித்தது. இந்த முறை என்னைப் பார்த்து. பெரிய டீச்சர் நோட்டீஸால் வாயை மூடிக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம், அந்த வண்டியின் கடனை அடைத்தது. அதுவே என் காலை வாரிவிட்டது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவள் அடுத்த கேள்வியைக் கேட்டாள். "எல்லாம் சரி. உங்கூட்டுப் புள்ளைங்கோ எங்க படிக்குது?"

அரசுப் பள்ளி டீச்சர்களை எந்த ஊரிலும் கேட்கிற கேள்வி இது. இரண்டு டீச்சரும் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் என் கை இண்டிகேட்டருக்குப் போய்விட்டது. என் பேத்தி கவர்மென்ட் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள், வகுப்பிலேயே அவள்தான் முதல் என்று மைக்கிலேயே அறிவித்தேன். அந்த வாரமே மூன்று வீட்டில் பேர் கொடுத்தார்கள். ஜூன் முடிகிறபோது புதிதாகப் பத்துப் பிள்ளைகள் ஆகிவிட்டது. சின்ன டீச்சர் மறுபடியும் வண்டியில் பாட்டு முணுமுணுத்தார்.

உண்மையில் என் பேத்தி செஞ்சியில் ஒரு தனியார் பள்ளியில் படிக்கிறாள். தினமும் நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை, ஆட்டுச் சந்தைக்கு வந்த அந்த அம்மா, டையும் ஷூவுமாக என் பேத்தி ஆட்டோவிலிருந்து இறங்குவதைப் பார்த்துவிட்டாள். ஆட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, என் பேத்தியை, என்னை, பள்ளிக்கூடப் போர்டை வரிசையாகப் பார்த்தாள். அந்தப் போர்டை எங்கள் இரண்டு பேராலும் படிக்க முடியாது. ஆனால் இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது.

திங்கட்கிழமை, பேர் கொடுத்திருந்த அந்த மூன்று வீடும் பின்வாங்கியது. பத்து ஏழானது. பெரிய டீச்சர் ஊரில் விசாரித்துத் தெரிந்துகொண்டு, திரும்பி வரும்போது வெளியே ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். புளியமரத்து வளைவில் வழக்கம்போல நிறுத்தினேன். யாரும் போனை எடுக்கவில்லை. சின்ன டீச்சர் மட்டும் மெதுவாக, "எனக்காகத்தாண்ணா சொன்னீங்க, தெரியும்," என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அன்று சாயங்காலம் மகளிடம் போய் நின்றேன். பேத்தியை அந்த ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிடலாம், நானே தினம் அழைத்துப் போகிறேன், பொய்யும் நிஜமாகிவிடும் என்றேன். "நைனா, ஊருக்கெல்லாம் நீ மைக்ல சொல்லு. எம்பொண்ணு விஷயத்துல மட்டும் வாய மூடினு இரு," என்றாள். மறுநாள் இதைப் பெரிய டீச்சரிடம் சொன்னேன். நான் தியாகம் செய்யத் துணிந்தவன் என்று அவர் மெச்சுவார் என்று எதிர்பார்த்தேன்.

"செஞ்சிக் கொழந்தைய தெனம் இம்மாந்தூரம் தூக்கினு வந்து தலை எண்ணிக்கை காட்டறதா? வேணாம்பா. நீ பண்ண தப்ப நீ எங்க பண்ணியோ அங்கயே போய் சரி பண்ணு."

மறுபடியும் மைக் கட்டினோம். இந்த முறை கூட்டம் அதிகம், ஏனென்றால் பொய்யன் வருகிறான் என்று ஊருக்கே தெரியும். மைக்கை இரண்டு தரம் தட்டிப் பார்த்தேன். என் பேத்தி பிரைவேட்டில் படிக்கிறாள் என்றேன். மாற்றச் சொல்லிக் கேட்டேன், என் மகள் முடியாது என்றுவிட்டாள், என் பேச்சு என் வீட்டிலேயே எடுபடவில்லை என்றேன். யாரோ பின்னாலிருந்து, எங்க வீட்லயும் அப்டித்தான் என்றார். கொஞ்சம் சிரிப்பு வந்தது.

பிறகு யாரும் கேட்காமலே பெரிய டீச்சர் மைக்கை வாங்கினார். அன்று அவர் பாடம் நடத்தவில்லை. "நானும் எம்பொண்ணுங்க ரெண்டு பேரையும் கான்வென்ட்லதான் போட்டேன். ஊரான் புள்ளைக்கு நான் நல்லா சொல்லிக் குடுப்பேன்னு எனக்குத் தெரியும். ஆனா அக்கம்பக்கத்துல இன்னா சொல்லுவாங்களோன்னு பயம். இத்தனை வருஷ சர்வீஸ்ல நான் வெக்கப்படற விஷயம் அது ஒண்ணுதான்," என்றார். இருபது வருடம் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வண்டி ஓட்டினவன் நான். இதை நான் கேட்டதே இல்லை.

சின்ன டீச்சர் மைக்கைத் தொடவில்லை. ஆட்டுக்கார அம்மாவைப் பார்த்து நேராகவே பேசினார். அவர் மகன் முதலாவதிலிருந்து ஐந்தாவது வரைக்கும், அப்போது அவர் வேலை பார்த்த அரசுப் பள்ளியில், அவர் வகுப்பில்தான் படித்தானாம். சலுகை காட்டுகிறார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று மற்றப் பிள்ளைகளைவிட அவனை ஒரு மடங்கு அதிகமாகத் திட்டினாராம். "அஞ்சு வருஷம் என்ன டீச்சர்னுதான் கூப்டான். அதே பழக்கத்துல வீட்லயும் டீச்சர், தோசை வைங்கன்னு கேப்பான். இப்போ பாலிடெக்னிக் முடிச்சிட்டான். இன்னமும் காய்ச்சல் வந்தாத்தான் அம்மான்றான்."

அந்த அம்மா ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஆனால் மறுநாள் காலை, பெண்ணைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்து, சின்ன டீச்சர் வகுப்புக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். சேர்க்க வந்தீங்களா என்று பைக் சார் கேட்டதற்கு, "பாக்க வந்தேன்," என்றாள். சந்தையில் ஆட்டின் பல்லைப் பார்க்கிறவள் பள்ளிக்கூடத்தைப் பார்க்காமல் வாங்குவாளா? நானும் சவாரிக்குப் போகாமல் வண்டியிலேயே கிடந்தேன். உள்ளே சின்ன டீச்சர் கூழாங்கல்லை வைத்துக் கூட்டல் சொல்லிக்கொடுத்தார். ஒரு பையன் எட்டும் ஐந்தும் பன்னிரண்டு என்றான். டீச்சர் தப்பு என்று சொல்லவில்லை, எப்படி வந்தது என்று எண்ணிக் காட்டச் சொன்னார். எண்ணினான், மறுபடியும் பன்னிரண்டு. பார்த்தால் ஒரு கல்லின் மேல் அவனே உட்கார்ந்திருந்தான். வகுப்பு சிரித்தது, அவனும் சிரித்தான். என்னைச் சின்ன வயதில் அப்படி எண்ணச் சொல்லியிருந்தால் நான் கல் படுக்கைக்குப் போயிருப்பேனோ என்னவோ. இந்த இடத்தில் ஒரு ஜோக் இருந்தது. பெரிய டீச்சர் வெட்டவில்லை, நானே எடுத்துவிட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டு மணிக்குத் திரும்பிப் பார்த்தால், அந்தப் பெண் மரத்தடியில் இல்லை. உள்ளே இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து யாருடைய கூழாங்கல்லையோ பிடுங்கிக்கொண்டிருந்தது. அம்மா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு பெரிய டீச்சரிடம் போனாள். "பேரு எழுதிக்கோங்க. அந்த மூணு வீட்டுக்கும் நான் சொல்லிக்கறேன்." போகும்போது என் வண்டியைத் தட்டி, "நீ மட்டும் மைக்க தொடாத," என்றாள்.

அந்த மூன்று வீடும் வந்தது. பதினொன்று. இன்னும் ஒன்று வேண்டும். ஜூலை கடைசி வாரம், செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்த ஒரு குடும்பம் ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து விட்டது. யாரும் மைக்கில் கூப்பிடவில்லை. ஆட்டுக்கார அம்மா குளத்தில் துணி துவைக்கும்போது அவர்களிடம் சொல்லியிருக்கிறாள். அறுபத்தொன்று. பெரிய டீச்சர் பதிவேட்டில் எழுதிவிட்டு, என்னைக் கூப்பிட்டு அந்த எண்ணைக் காட்டினார். ஆறும் ஒன்றும் எனக்கும் தெரியும். ஒன்றரை வருடம் சும்மாவா போனேன்?

போன மே மாதம் பெரிய டீச்சர் ஓய்வு பெற்றார். ஓய்வு பெறுகிறவரை மாலை போட்டு எல்லோரும் வீடுவரைக்கும் கொண்டுபோய் விடுவது வழக்கம். காருக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் மாலையோடு வந்து என் ஆட்டோவில் அவருடைய வழக்கமான ஓரத்தில் ஏறிக்கொண்டார். கார் காலியாகப் பின்னால் வந்தது.

இப்போது கோட்டைக்கு வருகிறவர்கள் சரித்திரம் கேட்டால், தெரியாது, போர்டு இருக்குது, படிச்சிக்கோங்க என்கிறேன். டிப்ஸ் குறைந்துவிட்டது.

காலையில் சின்ன டீச்சர் மட்டும் ஏறுகிறார். பெரிய டீச்சர் உட்காரும் ஓரத்தில் பையை வைத்துக்கொள்கிறார். பள்ளிக்கு நெட் இணைப்பு வந்துவிட்டது, ஆனாலும் புளியமரத்து வளைவில் வண்டி தானாக நின்றுவிடுகிறது. நேற்றும் நின்றது.

"லேட்டாவுதுண்ணா."

"மரக்காணம் போயிருந்தா விடியறதுக்கு முன்னாடியே கெளம்பியிருக்கணும் டீச்சர்."

"வாய மூடினு ஓட்டுங்கண்ணா," என்று சிரித்துக்கொண்டே பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.