பேரீச்சம்பழம் பறிக்கிறவர்

மகள் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறாள். அவள் எடுத்துத் தந்த விசாவில் வந்து, அவள் சம்பாத்தியத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். நேற்று, "தாடியோட திரியாதீங்கப்பா" என்று சலூனுக்கு விரட்டினாள். நாற்காலியில் சாய்ந்த பிறகுதான் கவனித்தேன். நான் பதினோரு வருடம் குந்தியிருந்த டைப்பிங் சென்டர் இருந்த இடம் அது. விசாவுக்கும் லேபர் கார்டுக்கும் விண்ணப்பம் அடித்துக் கொடுக்கிற கடை. என் மேஜை இருந்த மூலையில் இப்போது முகம் கழுவும் தொட்டி.

பையன் கன்னத்தில் நுரையைத் தடவினான். அந்த வாசனைக்கு ரெய்னால்டோ நினைவில் வந்துவிட்டார்.

ரெய்னால்டோ கியூபாக்காரர், பேஸ்பால் ஆட்டக்காரர். தன் தோல் கையுறை இளகுவதற்காக ஷேவிங் நுரையைத்தான் தேய்ப்பார். சொந்த முகத்துக்கு அவ்வளவு தேய்த்ததாகத் தெரியவில்லை. ஹவானாவில் பத்து வருடம், மெக்சிகோவில் ஐந்து வருடம் ஆடிவிட்டு, முழங்கால் தேய்ந்த காலத்தில் இங்கே ஒரு சின்ன அணிக்கு வந்திருந்தார். அணியை நடத்திய அரபிக்குப் பேரீச்சந்தோட்டம் ஒன்று உண்டு. ஆட்டக்காரர் என்று அடிக்கச் சான்றிதழ் வேண்டும், அது அவரிடம் இல்லை. தோட்டத்துக் கணக்கில் விசா காலியாக இருந்தது. அதற்கு விண்ணப்பம் அடிக்க எங்கள் கடைக்கு வந்தார்.

கடை முதலாளி சுல்தான் காக்கா காயல்பட்டினத்துக்காரர்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். எதையும் விசாரிக்காமல் விடமாட்டார்.

"தம்பி, இந்த மனுசன் என்னதான் வேலை பாக்குறாரு? கேளுங்க."

கேட்டேன். ரெய்னால்டோவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். எழுந்து வாசல் பக்கம் போய் நின்றார். அண்ணாந்து பார்த்தார். இரண்டடி ஓடி, கூரையிலிருந்து எதையோ பிடித்து, காக்காவை நோக்கி எறிந்தார். காக்கா குனிந்துகொண்டார்.

மைதானத்தின் கடைக்கோடியில் நின்று, உயரத்தில் வரும் பந்தைப் பிடிக்கிற வேலை என்று எனக்குப் புரிந்துவிட்டது. விசாவுக்கான தொழில் பட்டியலில் 'தோட்ட மேற்பார்வையாளர்' இருந்தது. அதை அடித்திருக்கலாம். ஆனால் அண்ணாந்து பார்த்த அந்த முகத்தைக் கண்டபின் கை சும்மா இருக்கவில்லை. 'பேரீச்சம்பழம் பறிக்கும் தொழிலாளி' என்று அடித்தேன். கடையே சிரித்தது. விளக்கிச் சொன்னதும் அவரும் சிரித்தார்.

வளைகுடாவில் இது பெரிய விஷயமில்லை. தச்சன் விசாவில் சமையல்காரர் இருப்பார். பி.காம். படித்த என் கார்டில் 'பெயிண்டர்' என்றிருந்தது. சுவரில் சாய்ந்தது தவிர எனக்கும் சுவருக்கும் தொடர்பே கிடையாது.

இரண்டு மாதம் கழித்து ரெய்னால்டோ ஒரு போட்டோவோடு வந்தார். ஒன்பது வயது மகள், முன்பல் இல்லாத சிரிப்பு. விவரம் தெரிந்த பிறகு அப்பா ஆடி ஒரு தடவையும் நேரில் பார்த்ததில்லையாம். இந்த சீசனோடு முழங்கால் அவ்வளவுதான், அதற்குள் குடும்ப விசா வேண்டும் என்றார்.

தொழிலாளி என்று அடித்தால் குடும்ப விசா கிடையாது. அந்த நாள் சட்டம் அப்படி. அதைத் தினமும் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். வெட்கமாக இருந்தது.

"வெளாட்டு வெனையாயிட்டு பாத்தீங்களா? கெளம்புங்க" என்றார் காக்கா. மூன்று வாரம் அலுவலகம் அலுவலகமாக அலைந்து ரெய்னால்டோவைக் கார்டில் மேற்பார்வையாளர் ஆக்கினோம். சீசனின் கடைசி வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் மகள் வந்து இறங்கினாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார். பந்து உயரப் போனது. ரெய்னால்டோ நிதானமாக அடியில் போய் நின்றார். மகள் எழுந்து நின்றாள். பந்து கையுறையில் பட்டுத் தெறித்துக் கீழே விழுந்தது.

"பேரீச்சம்பழமா இருந்தா புடிச்சிருப்பாரு" என்றார் காக்கா.

காக்காவின் தமிழ் புரியாவிட்டாலும், பந்து விழுந்ததற்கே மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரெய்னால்டோவும் அங்கிருந்தே பார்த்துச் சிரித்தார்.

ஆட்டம் முடிந்ததும், "உன் மகள்?" என்று ரெய்னால்டோ என்னைக் கேட்டார். என் மகளுக்கும் அப்போது ஒன்பது வயது, ஊரில் இருந்தாள். 'பெயிண்டர்' என்றிருந்த கார்டை எடுத்துக் காட்டினேன். பட்டச் சான்றிதழில் ஊரில் முத்திரை வாங்கினால் அதையும் மாற்றியிருக்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லீவில் போகும்போது பார்க்கலாம் என்றிருந்தேன். லீவில் போனால் லீவுதான் நடக்கும்.

இப்போது குடும்ப விசாவுக்குத் தொழிலைப் பார்ப்பதில்லை, சம்பளம் இருந்தால் போதுமாம். காக்கா ஊரோடு போய்விட்டார். கடை இல்லை, அந்தச் சட்டமும் இல்லை. பையன் நுரையை வழித்துவிட்டு முகத்தைத் துடைத்தான். ஒன்பது வயதில் என் மகள் எப்படிச் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியாது. ரெய்னால்டோவின் மகள் சிரித்ததுதான் தெரியும்.